வினா வங்கியை நம்பி எழுதக்கூடிய தேர்வு அல்ல இது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவ மாநாடுகளையும் மருத்துவர் கூட்டங்களையும் ஏற்பாடு செய்யும் பணியைப் பற்றித் தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அந்தத் துறையில் 19 ஆண்டுகளாக இருப்பவள் நான். இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதையே அறியாத இளைஞர்களுக்கு அதை எடுத்துச் சொன்னதற்காக முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் கட்டுரையின் இறுதியில், இப்பணிக்கான அமெரிக்கச் சான்றிதழ்த் தேர்வுக்கு வினா வங்கிகளைப் படித்தே இரண்டு மாதங்களில் தயாராகிவிடலாம் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. இக்கடிதம் அந்த ஒரு வரியைப் பற்றியது. அந்த வழியில் போய்ப் பணத்தையும் ஐந்து மாதங்களையும் இழந்தவள் நான் என்பதால், அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

தேர்வைப் பற்றிச் சில விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈவன்ட்ஸ் இண்டஸ்ட்ரி கவுன்சில் என்ற அமைப்பு வழங்கும் ‘சி.எம்.பி.’ சான்றிதழ், மாநாட்டு ஏற்பாட்டாளர்களுக்கென 1985-இல் தொடங்கப்பட்டது. முழுநேரப் பணியில் 36 மாத அனுபவமும், 25 மணி நேரத் தொடர்பயிற்சியும் உடையவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். மூன்றரை மணி நேரத்தில் 165 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். அவற்றில் 150 வினாக்களுக்கே மதிப்பெண் உண்டு, மீதமுள்ள 15 வினாக்கள் சோதனைக்காகக் கலக்கப்பட்டவை, எவை அந்தப் பதினைந்து என்பது எழுதுபவருக்குத் தெரியாது. இந்தச் சான்றிதழைப் பெற்றவர்களுக்குத்தான் மருத்துவக் கூட்டங்களுக்கான தனிப்பிரிவுச் சான்றிதழான ‘சி.எம்.பி.-எச்.சி.’ திறந்திருக்கிறது. முதல் தேர்வில் கேட்கப்படும் அரங்கம், பட்ஜெட், ஒப்பந்தம், இடர் மேலாண்மை ஆகியவற்றை எந்த ஊரில் மாநாடு நடத்தியவரும் தம் அனுபவத்திலிருந்து பெருமளவு எழுதிவிடலாம். தனிப்பிரிவு அப்படிப்பட்டதன்று. மருந்து நிறுவனத்தின் பணத்தில் மருத்துவர்கள் கூடும்போது எது கல்வி, எது விளம்பரம், எது கையூட்டு என்று பிரித்தறியும் விதிகளே அதன் உயிர்நாடி. அலுவலகத்தில் நாங்கள் ‘கம்ப்ளையன்ஸ்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவது இதைத்தான்.

சென்னையில் சில ஆண்டுகள் இந்திய மருத்துவச் சங்கங்களுக்கும் மருந்து நிறுவனங்களுக்கும் மாநாடுகளை நடத்திக்கொடுத்தபின், அமெரிக்க மருந்து நிறுவனங்களின் கூட்டங்களைச் சென்னையில் இருந்தபடியே ஏற்பாடு செய்யும் அலுவலகம் ஒன்றில் சேர்ந்தேன். நியூ ஜெர்சியில் நடக்கும் இரவு விருந்துக்கு உணவகத்தை முன்பதிவு செய்வதும், விருந்தினர் பட்டியலைச் சரிபார்ப்பதும், மறுநாள் பில்களைக் கணக்கில் ஏற்றுவதும் இங்கே சென்னையில், நள்ளிரவு ஷிப்டில் நடக்கின்றன. பதவி உயர்வுக்கு அந்தத் தனிப்பிரிவுச் சான்றிதழ் உதவும் என்று மேலாளர் சொன்னதன்பேரில், தேர்வில் ‘உண்மையாகக் கேட்கப்பட்ட’ வினாக்கள் எனச் சொல்லி விற்கப்பட்ட ஒரு தொகுப்பை வாங்கினேன். விற்றவர் யார் என்பது இங்கே தேவையில்லை. அப்படி விற்பவர்கள் பலர் இருக்கிறார்கள். இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் பேருந்தில், ஐந்து மாதங்கள், விடைகளை வரிசைப்படி உருப்போட்டேன்.

அத்தொகுப்பிலிருந்து மூன்று விடைகளை மட்டும் இங்கே தருகிறேன். மருந்து நிறுவனம் ஒரு மருத்துவருக்குக் கட்டணம் கொடுத்து மற்ற மருத்துவர்களிடம் பேசவைக்கும் உரை நிகழ்ச்சியின் விருந்தில் அளவான மது பரிமாறலாம் என்றது ஒரு விடை. மருத்துவருக்குச் செலவிட்ட தொகை 10 டாலருக்குக் குறைவாகவும், ஆண்டு மொத்தம் 100 டாலரைத் தாண்டாமலும் இருந்தால் அமெரிக்க அரசுக்கு அறிவிக்க வேண்டியதில்லை என்றது மற்றொன்று. செவிலியர்களுக்கும் மருத்துவரின் உதவியாளர்களுக்கும் செலவிடுவதை அறிவிக்க வேண்டியதில்லை என்றது மூன்றாவது. மூன்றும் ஒரு காலத்தில் சரியான விடைகளே. ஆனால் நான் படித்த நேரத்தில் மூன்றுமே தவறாகியிருந்தன. அமெரிக்க மருந்து உற்பத்தியாளர் சங்கமான ஃபார்மாவின் நடத்தை விதி 2022 ஜனவரி 1 முதல் உரை நிகழ்ச்சிகளில் மதுவுக்குச் செலவிடுவதையும் மது வழங்குவதையும் விலக்கிவிட்டது. 10 டாலர் என்ற வரம்பு விலைவாசிக் குறியீட்டோடு சேர்ந்து ஆண்டுதோறும் நகர்வது, 2024-இல் 13.07 டாலராகவும், 2025-இல் 13.46 டாலராகவும் அது இருந்தது, ஆண்டு மொத்த வரம்பும் அவ்வாறே 130.66 டாலருக்கும் பின்னர் 134.54 டாலருக்கும் உயர்ந்தது. மேல்நிலைச் செவிலியர்கள், மருத்துவரின் உதவியாளர்கள், மகப்பேற்றுச் செவிலியர்கள் ஆகியோர் 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, 2021-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து, செலவை அறிவிக்க வேண்டியவர்களின் பட்டியலுக்குள் வந்துவிட்டார்கள். விதி மாறிய நாளில் மனப்பாடம் செய்தவருக்கு யாரும் தந்தி அனுப்புவதில்லை. பழைய விடையைத் தேர்வில் எழுதினால் ஒரு மதிப்பெண் போகும். அதே விடையை வேலையில் பின்பற்றினால், உணவகத்து பில்லில் ஒயின் என்ற ஒரு வரி நின்று, ஒரு மருத்துவரின் பெயரோடு ஆவணத்தில் ஏறிவிடும்.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்று இளையவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. ஒரு தட்டு சாப்பாட்டுக்காகவா மருத்துவர் மருந்துச்சீட்டை மாற்றி எழுதப்போகிறார் என்ற அவர்களின் கேள்வி எனக்கும் முன்பு இருந்ததுதான். 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உள்மருத்துவ ஆய்விதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, இரண்டு லட்சத்து எழுபத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்களின் மருந்துச்சீட்டுத் தரவுகளையும், அவர்கள் மருந்து நிறுவனங்களிடம் பெற்றவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தது. பெறப்பட்டவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உணவுதான். அதன் சராசரி மதிப்பு 20 டாலருக்கும் குறைவு. அந்த ஒரே ஒரு வேளை உணவைப் பெற்றவர்களிடமும், விளம்பரப்படுத்தப்பட்ட மருந்தை எழுதும் விகிதம், பெறாதவர்களைக் காட்டிலும் கூடுதலாக இருந்தது. உணவுதான் காரணம் என்று அந்த ஆய்வு தீர்த்துச் சொல்லவில்லை, இரண்டும் சேர்ந்தே காணப்படுகின்றன என்றுதான் சொன்னது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அந்த மருந்துச்சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகிறவர் அந்த விருந்து அறையில் இருந்ததே இல்லை. அவருக்குத் தெரியாமலே அவர் சார்பில் அந்த அறையில் நிற்க வேண்டிய ஒருவர் உண்டென்றால், அது அறையையும் உணவையும் ஏற்பாடு செய்தவர்தான் என்று அந்த ஆய்வைப் படித்த இரவில் எனக்குத் தோன்றியது. வினாத் தொகுப்பை அன்றே மூடி வைத்துவிட்டேன்.

பிறகு நான் தயாரான முறையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதைக் கேட்டுத்தான் எனக்கு அழைப்புகள் வருகின்றன. ஒரே ஒரு விருந்தை எடுத்துக்கொண்டு, அழைப்பிதழ் அச்சாவதிலிருந்து அரசின் பொதுத் தளத்தில் மருத்துவரின் பெயர் வெளியாவது வரை, ஒவ்வொரு படியிலும் எந்த விதி குறுக்கிடுகிறது என்று எழுதிப் பார்ப்பதே அந்த முறை.

இருபது மருத்துவர்களை எதிர்பார்த்து, தட்டு ஒன்றுக்கு 90 டாலர் என்று உணவகத்தோடு குறைந்தபட்ச எண்ணிக்கை பேசிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,800 டாலர், வருபவர்கள் குறைந்தாலும் அதைக் கட்டியே ஆக வேண்டும். அன்று மழையோ, அவசர அறுவை சிகிச்சையோ, ஒன்பது மருத்துவர்களே வருகிறார்கள். நிறுவனத்தார் மூன்று பேர். உண்டவர்கள் பன்னிரண்டு பேர். தட்டு ஒன்றுக்குப் பேசியது 90 டாலர் என்பதால் ஒவ்வொரு மருத்துவர் பெயரிலும் 90 டாலர் எழுதிவிடத்தான் கை போகும். ஆனால் விதி, உணவின் மொத்தச் செலவை உண்மையில் உண்டவர்களின் எண்ணிக்கையால், நிறுவனத்தாரையும் சேர்த்து, வகுக்கச் சொல்கிறது. அப்படி வகுத்தால் ஒருவருக்கு 150 டாலர் ஆகிறது. நிறுவனம் இரவு உணவுக்குத் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட உச்சவரம்பு 125 டாலராக இருந்தால், ஒரு கரண்டி கூடுதலாகச் சாப்பிடாமலே அந்த ஒன்பது பேரும் வரம்பை மீறியவர்கள் ஆகிவிடுகிறார்கள். ஆகவே உணவகத்தோடு குறைந்தபட்ச எண்ணிக்கை பேசும் அந்தத் தொலைபேசி உரையாடலே ஒரு கம்ப்ளையன்ஸ் முடிவு என்பது அப்போது விளங்குகிறது. வராதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று பழைய பதிவுகளைப் பார்த்துக் கணித்து, எண்ணிக்கையைக் குறைத்துப் பேச வேண்டும். கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது எண்ணிக்கையை மாற்ற இடம் வைத்து ஒப்பந்தம் எழுத வேண்டும் என்பது என் பழக்கம். இதே உணவு ஆயிரம் பேர் கூடும் மாநாட்டின் பஃபே மேசையில் வைக்கப்பட்டிருந்தால், யார் எதை எடுத்து உண்டார் என்று கண்டறிய இயலாது என்பதால் கணக்குக் காட்டுவதிலிருந்து விலக்கு உண்டு. ஒரே சாப்பாடு, இடம் மாறினால் விதி மாறுகிறது. இந்த வேறுபாட்டின் காரணம் புரிந்துவிட்டால், வினாவை எப்படி மாற்றிக் கேட்டாலும் விடை தானாக வரும்.

அடுத்தது வருகைப் பதிவு மேசை. அங்கே கையொப்பம் வாங்கும் தாள் வெறும் சம்பிரதாயம் அன்று. மருத்துவரின் முழுப் பெயர், உரிமம் பெற்ற மாநிலம், பத்து இலக்க அடையாள எண் ஆகியவை அதில் பிழையின்றி இருக்க வேண்டும். மாநிலம் ஏன் முக்கியம் என்றால், வெர்மாண்ட் மாநிலம் தன் எல்லைக்குள் தொழில்புரியும் மருத்துவர்களுக்கு மருந்து நிறுவனங்கள் இத்தகைய விருந்தளிப்பதை 2009-இலேயே தடைசெய்துவிட்டது. அந்த மருத்துவர் வேறு மாநிலத்து உணவகத்தில் அமர்ந்திருந்தாலும் அத்தடை அவரோடு கூடவே வருகிறது. மின்னசோட்டா மாநிலத்துக்குத் தனி வரம்பு உண்டு. தாளில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால், மறுநாள் சென்னையில் அமர்ந்து அந்த ஒரு பெயரைத் தேடித் தேடியே ஒரு ஷிப்டு கழிந்துவிடும்.

பின்னர் ஆண்டு முடிந்ததும் கணக்கு போகும் இடம். செனட்டர்கள் சார்லஸ் கிராஸ்லியும் ஹெர்ப் கோலும் 2007-இல் முன்வைத்த, மருத்துவர்களுக்குச் செலவிட்டதை நிறுவனங்கள் அறிவிக்க வேண்டும் என்ற சன்ஷைன் சட்டம், 2010-ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்தின் 6002-ஆவது பிரிவாக இடம்பெற்றது. 2013 ஆகஸ்ட் 1 முதல் தரவு திரட்டப்பட்டு, ஓப்பன் பேமென்ட்ஸ் என்ற பெயரில் 2014 செப்டம்பர் 30 அன்று முதன்முறையாகப் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. ஆண்டுக் கணக்கை நிறுவனங்கள் மார்ச் இறுதிக்குள் ஒப்படைக்க வேண்டும். மருத்துவர்கள் 45 நாட்களுக்குள் அதைப் பார்த்து மறுப்புத் தெரிவிக்கலாம். ஜூன் 30-க்குள் அது வெளியாகும். ‘அந்த விருந்துக்கு நான் போகவே இல்லை’ என்று ஒரு மருத்துவர் மறுத்து எழுதும்போது, அதை மெய்ப்பிக்கவோ ஒப்புக்கொள்ளவோ எஞ்சியிருக்கும் ஒரே சான்று நம் பதிவு மேசைத் தாள். மறுப்பு வந்த பிறகு அந்தத் தாளைத் தேடி எடுத்த அனுபவம் எனக்கு உண்டு, அதனால்தான் அதைப் பற்றி இத்தனை வரி எழுதுகிறேன்.

விருந்தை ஏன் நடத்துகிறார்கள் என்ற கேள்வியும் இதில் அடங்கும். அமெரிக்கச் சுகாதாரத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2020 நவம்பர் 16 அன்று உரை நிகழ்ச்சிகளைப் பற்றிச் சிறப்பு எச்சரிக்கை ஒன்றை வெளியிட்டது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் மருந்து, மருத்துவக் கருவி நிறுவனங்கள் உரையாளர் பணிகளுக்காக மருத்துவர்களுக்கும் பிறருக்கும் கிட்டத்தட்ட 200 கோடி டாலர் கொடுத்ததாகக் கணக்குக் காட்டியிருந்தன. புதிய செய்தி ஏதுமில்லாத தலைப்பில் திரும்பத் திரும்ப நிகழ்ச்சி நடத்துவது, விளையாட்டரங்கம் போன்ற கல்விக்குப் பொருந்தாத இடம், உடன் வரும் மனைவியோ நண்பரோ, ஒரே தலைப்புக்கு மறுபடியும் வரும் அதே மருத்துவர், நியாயமான சந்தை மதிப்பைத் தாண்டிய உரைக் கட்டணம் ஆகியவற்றை அந்த எச்சரிக்கை அடையாளம் காட்டியது. தேர்வுக்குத் தயாராகும் ஒருவர் மூல ஆவணங்களில் ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால், சில பக்கங்களே உள்ள இதைப் படிக்குமாறு சொல்வேன். ஓர் ஏற்பாட்டாளரின் கண்ணில் முதலில் படக்கூடியவையே அதில் பெரும்பாலும் உள்ளன. இடத்தை முன்பதிவு செய்பவரும், இருக்கைகளை எண்ணுபவரும், ஒரே பெயர் மூன்றாம் முறை பட்டியலில் வருவதைக் காண்பவரும் நாம்தாம்.

தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சிகளுக்கு வேறு விதித்தொகுதி. ஏ.சி.சி.எம்.இ. என்ற அங்கீகார அமைப்பு 2020 டிசம்பரில் வெளியிட்டு, 2022 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்த தரவிதிகளை நான் ஓர் அரங்கத்தின் வரைபடத்தில் வைத்துப் படித்தேன். கல்வி நடக்கும் அதே இடத்தில், அதற்கு முன்னும் பின்னும் 30 நிமிடங்களுக்கு விளம்பரமோ கண்காட்சியோ நடக்கக் கூடாது. பதிவு செய்தவர்களின் பெயரையும் தொடர்பு விவரத்தையும், அவர்கள் வெளிப்படையாக ஒப்புதல் தராமல், ஸ்பான்சர் நிறுவனத்துக்குத் தரக் கூடாது. பாடம் நடத்துபவரும் பாடத்திட்டத்தை வகுப்பவரும் கடந்த 24 மாதங்களில் தங்களுக்கு இருந்த நிதித் தொடர்புகளைத் தெரிவிக்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் ஏற்பாட்டாளரின் கையில் ஒரு பொருளாக வருபவை: அரங்கத்தின் நேர அட்டவணை, ஸ்டால்களின் இட ஒதுக்கீடு, பதிவுப் பட்டியல் கோப்பு, உரையாளர் படிவம். ஸ்டால் எடுத்தவர் ‘பட்டியலைக் கொஞ்சம் அனுப்புங்கள், மேடம்’ என்று கேட்காத மாநாடே கிடையாது. ஐரோப்பாவைப் பற்றி ஒன்று மட்டும் சொன்னால் போதும்: மருத்துவக் கருவி நிறுவனங்களின் சங்கமான மெட்டெக் யூரோப்பின் விதிப்படி, 2018 ஜனவரி 1 முதல், பிறர் நடத்தும் மாநாட்டுக்கு ஒரு மருத்துவரைத் தன் செலவில் நேரடியாக அனுப்பி வைக்க உறுப்பு நிறுவனங்களுக்கு அனுமதி இல்லை.

இனி, அமெரிக்க விதிகளைப் படித்தபோது எனக்கு மிகுந்த வேதனையைத் தந்த ஒன்றையும் எழுத வேண்டும். நான் இத்துறைக்கு வந்த தொடக்க காலத்தில், இங்கே நடந்த ஒரு மாநாட்டில், சில மருத்துவர்களின் குடும்பத்தினர் தங்கிய அறைகளின் வாடகையை ‘ஒலி, ஒளிக் கருவிகள் வாடகை’ என்ற தலைப்பில் பில் போட்டுத் தருமாறு வாடிக்கையாளர் தரப்பில் கேட்டார்கள். எனக்கு மேலிருந்தவர் தலையசைத்தார். தட்டச்சு செய்தவள் நான். அது வெறும் கணக்கு வழக்கு என்றே அப்போது எண்ணினேன். அது தவறு என்று எனக்குச் சொல்லித்தர அங்கே யாரும் இல்லை, எந்தப் படிப்பும் இல்லை. பல ஆண்டுகள் கழித்து வேறொரு நாட்டின் தேர்வுக்காகப் படிக்கும்போதுதான் நான் செய்தது என்ன என்பது எனக்குப் புரிந்தது. அந்த பில்லை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

நம் நாட்டில் விதி இல்லாமல் இருக்கவில்லை. 2009 டிசம்பரிலேயே இந்திய மருத்துவக் கவுன்சில் தன் ஒழுக்க விதிகளைத் திருத்தி, மருத்துவர்கள் மருந்து நிறுவனங்களிடமிருந்து பரிசு, பயண வசதி, விருந்தோம்பல், ரொக்கம் பெறுவதை விலக்கியது. 2022 பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு நம் சென்னையைச் சேர்ந்த மருந்து நிறுவனத்தினுடையது. மாநாட்டுக் கட்டணம், விருந்தோம்பல், தங்கக் காசு, தொலைக்காட்சிப் பெட்டி என மருத்துவர்களுக்குச் செய்த செலவை வருமான வரிக் கணக்கில் தொழிற்செலவாகக் கழித்துக்கொள்ள இயலாது என்று அதில் தீர்ப்பாயிற்று. அதே ஆண்டு ஜூலை 1 முதல், தொழில் தொடர்பாக ஒருவருக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் அளிக்கும் ஆதாயங்களுக்கு 10 விழுக்காடு வரிப்பிடித்தமும் வந்தது. 2024 மார்ச் 12 அன்று மத்திய மருந்துத் துறை அறிவித்த சீரான மருந்து விற்பனை நடைமுறை விதி எங்கள் வேலையை நேராகவே தொடுகிறது. உரையாளராக வருபவருக்கன்றி வேறு மருத்துவருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ பயணச் சீட்டும் விடுதி அறையும் தரக் கூடாது. தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சிகளை வெளிநாட்டில் நடத்தக் கூடாது. மேசை நாட்காட்டி, நாட்குறிப்பு போன்ற நினைவுப் பொருள் ஒன்றின் மதிப்பு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. நிகழ்ச்சிக்கான செலவு விவரத்தை நிறுவனம் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும், அது தணிக்கைக்கும் உட்படும். அதே ஆண்டு செப்டம்பரில் மருத்துவக் கருவி நிறுவனங்களுக்கும் இதையொத்த விதி வந்தது. இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அன்று, புகார்களை விசாரிக்கும் குழுவும் தொழில்துறைச் சங்கங்களுக்குள்ளேயே அமைகிறது. இது போதாது என்பதே என் கருத்து. ஆயினும் நாம் போடும் பில் நாளை தணிக்கையாளர் கைக்குப் போகும் என்ற நிலை இந்தியாவிலும் வந்துவிட்டது.

ஆகவே இந்தத் தேர்வுக்குப் படிப்பது வெளிநாட்டு வேலைக்கு மட்டுமான படிப்பு என்று இளைஞர்கள் நினைக்க வேண்டாம். அமெரிக்க விதியை ஒரு பக்கத்திலும் நம் விதியை எதிர்ப் பக்கத்திலும் எழுதிக்கொண்டே படித்தால் இரண்டும் நன்றாக மனத்தில் பதிகின்றன. மருத்துவரை அழைத்துச் செல்ல விமானச் சீட்டு எடுக்கலாமா என்ற ஒரே கேள்விக்கு நான்கு நாடுகளின் விடையையும் எழுதிப் பாருங்கள். எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்பது ஒரு மாலையில் தெரிந்துவிடும். ஒவ்வொரு குறிப்பின் ஓரத்திலும் அந்த விதி நடைமுறைக்கு வந்த தேதியைக் கட்டாயம் எழுதி வையுங்கள். தொகைகளை மனப்பாடம் செய்வதைவிட அவை எந்த மாதம் எங்கே புதுப்பிக்கப்படுகின்றன என்பதைத் தெரிந்து வைத்திருப்பதே மேல். நள்ளிரவு ஷிப்டில் வேலை செய்பவர்கள், படிப்புக்கென்று தனி நேரம் கிடைக்கவில்லையே என்று வருந்துவதைவிட, அன்றைய பணியில் தங்கள் கைக்கு வந்த ஒரு நிகழ்ச்சியையே, வாடிக்கையாளரின் விவரங்களை வெளியே எடுத்துச் செல்லாமல், மனத்தில் வைத்து அலசிப் பழகலாம். மூன்று, நான்கு பேர் சேர்ந்து, ஒருவர் மருந்து நிறுவனத்தின் விற்பனை மேலாளராகவும் மற்றவர் ஏற்பாட்டாளராகவும் பேசிப் பார்ப்பது எனக்கு மிகவும் உதவியது. ‘மறுக்க வேண்டும்’ என்று எழுதிவிடுவது எளிது. மறுப்பை மரியாதையாகவும், அதே வேளையில் உறுதியாகவும் ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிப் பழகினால்தான் வேலையில் அது வாயில் வரும்.

இரண்டாம் முறை இந்த வழியில் படிக்க எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. வேகமாகப் படிப்பவருக்கு அதைவிடக் குறையலாம். தேர்வறையில் எனக்குத் தெரிந்த வினா என்று ஒன்றுகூட வரவில்லை. தெரியாத சூழல் என்றும் ஒன்றுகூட வரவில்லை.

நம் மாநிலத்தில் விடுதி மேலாண்மை, நிகழ்ச்சி மேலாண்மைப் படிப்புகளை நடத்தும் கல்லூரிகள் பல இருக்கின்றன. அவற்றில் படித்து எங்களிடம் வரும் பிள்ளைகளுக்கு நாப்கினை எட்டு விதமாக மடிக்கத் தெரிகிறது, மருத்துவக் கூட்டத்தின் பில்லில் எதை எழுதக் கூடாது என்று தெரிவதில்லை. ஒரு பருவத்தில் பத்து மணி நேரம் ஒதுக்கி இந்திய விதியை மட்டுமாவது அவர்களுக்குக் கற்பிக்கலாம். தொடர் மருத்துவக் கல்விக்குப் புள்ளிகள் வழங்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலும், நிகழ்ச்சியை நடத்தும் ஏற்பாட்டாளர் இவ்விதிகளைப் படித்துப் புரிந்துகொண்டதாக ஓர் உறுதிமொழியை விண்ணப்பத்தோடு கேட்கலாம் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். பொய்யான தலைப்பில் பில் கேட்கும் வாடிக்கையாளரிடம், ‘நான் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன், ஐயா’ என்று சொல்ல அந்த இளம் பணியாளருக்கு அப்போது ஒரு பிடி இருக்கும். எனக்கு அன்று அது இல்லை.

நானும் என் உடன் பணிபுரிவோர் நால்வரும் இவ்விதிகளின் முக்கியச் சொற்களுக்குத் தமிழில் விளக்கம் எழுதி, விதி நடைமுறைக்கு வந்த தேதிகளோடு பன்னிரண்டு பக்கக் குறிப்பு ஒன்றைத் தயாரித்திருக்கிறோம். அதைத் தங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியுள்ளோம். வேலைவாய்ப்புப் பக்கத்தில் இடமிருந்தால் பகுதி பகுதியாக, எங்கள் பெயர் இன்றியே, வெளியிட்டுக்கொள்ளலாம். அதற்கு இடமில்லை என்றாலும், வினா வங்கியைப் படித்தே இரண்டு மாதங்களில் தயாராகிவிடலாம் என்ற அந்த வரிக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரை வெளியான மறுநாளே எங்கள் அலுவலகத்து இளைஞர் ஒருவர், நான் முன்பு வாங்கியதைப் போன்ற ஒரு தொகுப்புக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்து என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்னார்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
குரோம்பேட்டை, சென்னை.